முதலில் பல்பை மாற்றுங்கள்

டிசம்பர் மாதத்தில் ஸ்காட்லாந்தில் மாலை நான்கு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். அங்கே ஏதோ ஓர் ஏரிக்கரையில் கேம்பர் வேனை நிறுத்தியிருக்கும் குடும்பம் படுக்கப் போக இன்னும் ஐந்தாறு மணி நேரம் இருக்கும். சமையல், சாப்பாடு, சீட்டாட்டம், பிள்ளைகளின் படிப்பு எல்லாம் அந்த வண்டிக்குள்தான். பக்கத்தில் மின்கம்பம் கிடையாது. இருக்கைக்கு அடியில் கிடக்கும் 12 வோல்ட் பேட்டரிதான் ஒரே கதி.

அந்தப் பேட்டரி பாதி ராத்திரியில் படுத்துவிடுகிறது என்று புலம்பும் வேன்காரர்களுக்கு வழக்கமாகக் கிடைக்கும் யோசனைகள் இரண்டு: இன்னொரு பேட்டரி போடுங்கள், அல்லது கூரைமேல் சோலார் பலகை போடுங்கள். இரண்டுக்கும் நல்ல செலவாகும். தலைக்குமேல் எரியும் பல்பைக் கழற்றிப் பாருங்கள் என்று சொல்பவர்கள் குறைவு. அந்தச் சின்ன வேலைதான் பட்டியலில் முதலில் வரவேண்டும்.

உள்ளேயே படுத்து, சமைத்து, வாழ்வதற்கு ஏற்ப மாற்றப்பட்ட வேன்தான் கேம்பர் வேன். ஜெர்மனியின் வெஸ்ட்ஃபாலியா நிறுவனம் வோக்ஸ்வாகன் வேனுக்குள் பொருத்தும் முகாம் சாமான்களை 1951இல் செய்யத் தொடங்கியது. அந்த வேன்களின் மின்சாரம் 1960களின் நடுப்பகுதிவரை வெறும் 6 வோல்ட். பிறகு 12 வோல்ட் வந்தது. விளக்கு மட்டும் பல்லாண்டுகளுக்கு இழை எரியும் குண்டு பல்பாகவும் ஹாலஜனாகவுமே இருந்தது. இன்று பழைய வேனை வாங்குபவர், அதன் கூரையில் இருக்கும் அந்தத் தலைமுறை விளக்குகளையும் சேர்த்தேதான் வாங்குகிறார்.

கணக்கைப் பார்க்கலாம். அமெரிக்க முகாம் வண்டிகளின் கூரை விளக்குகளில் பரவலாக இருந்தது 1141 என்ற எண் கொண்ட பல்பு. ஒன்று எரிய 1.44 ஆம்பியர் வேண்டும். ஏறத்தாழ 18 வாட். நான்கு பல்புகள் ஐந்து மணி நேரம் எரிந்தால் 29 ஆம்பியர்-மணி போய்விடும். 100 ஆம்பியர்-மணி என்று அச்சடித்த ஈய-அமில பேட்டரியைப் பாதிக்குமேல் வடியவிட்டால் அதன் ஆயுள் குறையும் என்பதால், கையில் உள்ளது உண்மையில் 50தான். ஆக, பாதிக்கு மேற்பட்ட சேமிப்பை விளக்கு மட்டுமே குடித்துவிடுகிறது. அதே ஹோல்டரில், கிட்டத்தட்ட அதே வெளிச்சம் தரும் இரண்டரை வாட் எல்இடி பல்புகள் நான்கைப் போட்டால் ஐந்து மணி நேரத்துக்கு ஆகும் செலவு 4 ஆம்பியர்-மணி. மிச்சம் 25. வேறெந்தச் சாமானாலும் இவ்வளவு மலிவாக இந்த மிச்சத்தைத் தரமுடியாது.

இந்த வித்தியாசத்துக்குக் காரணம் எளிது. குண்டு பல்பு மின்சாரத்தின் பெரும்பகுதியை வெப்பமாகக் கொட்டுகிறது; ஒரு வாட்டுக்கு 15 லூமன் வெளிச்சம் கிடைப்பதே பெரிது. நல்ல எல்இடி 100 லூமன் தரும். பழைய விளக்கு மூடிகளின் பிளாஸ்டிக் நடுவில் பழுப்பேறிக் கிடப்பது அந்த வெப்பத்தின் வேலைதான். வெள்ளை எல்இடிக்கு வழிதிறந்த நீல எல்இடியைக் கண்டுபிடித்த இசாமு அகாசாகி, ஹிரோஷி அமானோ, ஷூஜி நாகமுரா மூவருக்கும் 2014இல் இயற்பியல் நோபல் பரிசு கொடுத்தார்கள். பேட்டரியை நம்பி வாழ்பவர்களுக்கு அந்தக் கண்டுபிடிப்பின் பயன் வீட்டுக்காரர்களைவிட அதிகம்.

‘கூடுதல் பேட்டரி போட்டால் என்ன குறைந்துவிடும்’ என்று கேட்கலாம். எடை கூடிவிடும். ஐரோப்பாவில் சாதாரண கார் உரிமம் வைத்திருப்பவர் பொதுவாக 3,500 கிலோ வரையிலான வண்டியைத்தான் ஓட்டலாம். கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, சிலிண்டர், சைக்கிள் எல்லாம் ஏற்றியபின் பல வேன்கள் அந்த எல்லையை உரசிக்கொண்டு நிற்கின்றன. 100 ஆம்பியர்-மணி ஈய-அமில பேட்டரி சுமார் 25 கிலோ இருக்கும். லித்தியம் பேட்டரி அதில் பாதி எடைதான், ஆழமாக வடியவும் விடலாம். ஆனால் விலை அதிகம், உறைநிலைக்குக் கீழே அதைச் சார்ஜ் செய்யவும் கூடாது. சோலார் பலகைக்கும் குளிர்காலம் ஒத்துழைக்காது. வெளிச்சம் அதிகம் தேவைப்படும் டிசம்பரில்தான் வடக்கு ஐரோப்பாவின் சூரியன் மிகத் தாழ்வாக, மிகக் குறைந்த நேரம் தலைகாட்டும். தேவையும் வரவும் எதிரெதிர்த் திசையில் போகும் அந்த மாதத்தில், குறைத்துக்கொண்ட செலவே உறுதியான வரவு.

எல்இடியை மாற்றிப் போட்டுவிட்டு மறுபடி கழற்றி எறிந்தவர்களும் இருக்கிறார்கள். வெளிச்சம் ஆஸ்பத்திரி வார்டு மாதிரி இருக்கிறது, ஆறே மாதத்தில் கண்சிமிட்டத் தொடங்கிவிட்டது, விளக்கைப் போட்டால் ரேடியோ கரகரக்கிறது என்பவை அவர்களின் குறைகள். மூன்றும் உண்மையான குறைகள். மூன்றுக்கும் காரணம் எந்த எல்இடியை வாங்கினார்கள் என்பதில் இருக்கிறது.

12 வோல்ட் என்பது பெயரளவுக்குத்தான். ஓய்வில் இருக்கும் நிறைந்த பேட்டரி 12.7 வோல்ட் காட்டும்; சார்ஜ் ஏறும்போது 14.4 வரை போகும். வடிந்தால் 12க்குக் கீழே இறங்கும். குண்டு பல்பு இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளும். எல்இடியோ வோல்ட் சிறிது ஏறினாலும் மின்னோட்டத்தை அளவுக்குமீறி இழுக்கும். மலிவான பல்புகளில் ஒரு மின்தடையை மட்டும் சேர்த்து விற்கிறார்கள். சார்ஜர் ஓடும்போதெல்லாம் அவை சூடேறி, சீக்கிரமே செத்துப்போகின்றன. நல்ல பல்புக்குள் மின்னோட்டத்தை ஒரே சீராக வைத்திருக்கும் சிறு சுற்று இருக்கும். உறையில் ‘10-30 வோல்ட் டிசி’ என்று போட்டிருந்தால் அது பெரும்பாலும் இந்த வகை.

அந்தச் சுற்றையும் ஒழுங்காகச் செய்திருக்க வேண்டும். மட்டமாகச் செய்த சுற்று ரேடியோ அலைவரிசையில் இரைச்சலைக் கொட்டும். இதை வெறும் பாட்டுக் கேட்கும் தொல்லை என்று ஒதுக்கிவிட முடியாது. எல்இடி விளக்குகள் கப்பல்களின் விஎச்எஃப் ரேடியோவையும், கப்பல்களை அடையாளம் காட்டும் ஏஐஎஸ் கருவியையும் பாதிக்கக்கூடும் என்று அமெரிக்கக் கடலோரக் காவல்படை 2018இல் பாதுகாப்பு எச்சரிக்கையே வெளியிட்டது. படகுக்காரர்களுக்கு உயிர்ப்பிரச்சினையான ஒன்று, அதே 12 வோல்டில் ஓடும் வேன்காரர்களுக்கு எரிச்சலாக வந்து சேர்கிறது.

நிறத்துக்கும் இதே கதைதான். 6,000 கெல்வின் பல்பு எண்ணிக்கையில் பிரகாசமாகத் தெரியும். மரப்பலகை அடித்த சின்ன அறைக்குள் அது நீலம் பூத்து முகங்களை வெளிறச் செய்யும். 2,700 முதல் 3,000 கெல்வின் வரையிலான மஞ்சள் வெளிச்சமே பழைய பல்புக்குப் பக்கத்தில் வரும். நீலம் குறைந்தால் ஜன்னலைத் தேடிவரும் பூச்சிகளும் குறையும். சமையல் மேடைக்கு மேலே மட்டும் நிறங்களைச் சரியாகக் காட்டும், சிஆர்ஐ 90க்கு மேற்பட்ட பல்பைப் போடுவது நல்லது. கோழிக்கறி வெந்துவிட்டதா என்பதைக் கண்ணால்தானே பார்க்கிறோம்.

மாற்றும் வேலைக்குப் பெரும்பாலும் எலக்ட்ரீஷியன் தேவையில்லை. வண்டியில் இருக்கும் ஹோல்டருக்கு ஏற்ற பல்பு வேண்டும், அவ்வளவுதான். இரண்டு முனையிலும் உலோகத் தொப்பி போட்ட நீளவாட்டு பல்பானால் நீளத்தை மில்லிமீட்டரில் அளக்க வேண்டும். 36க்கும் 42க்கும் பொருந்தாது. நான்கு மில்லிமீட்டர் இடைவெளியில் இரண்டு ஊசிகள் நீட்டிக்கொண்டிருந்தால் அது ஜி4. இந்த ஊசி பல்பில் ஓர் எச்சரிக்கை: வீட்டு டிரான்ஸ்ஃபார்மருக்கான ‘12 வோல்ட் ஏசி’ எல்இடியும் அதே உருவத்தில் கிடைக்கும், அது வண்டியில் சரியாக எரியும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. போட்டதும் எரியாவிட்டால் பல்பைக் குறைசொல்லும் முன் திருப்பிப் போட்டுப் பார்க்க வேண்டும். இழைக்குப் பாசிட்டிவ், நெகட்டிவ் எல்லாம் ஒன்றுதான், எல்இடிக்கு அப்படியல்ல. பழைய பிரிட்டிஷ் வண்டிகளில் 12 வோல்ட் டியூப் லைட் இருக்கும். அதற்குள் இருக்கும் சுற்றை நீக்கி வயரை நேராக இணைக்கவேண்டிய வேலை என்பதால், அங்கே மட்டும் விஷயம் தெரிந்தவரின் கை தேவை.

இதோடு மின்சாரப் பிரச்சினை முடிந்துவிடாது. கம்ப்ரஸர் வைத்த ஃபிரிட்ஜ் ஒரு நாளைக்கு 30 ஆம்பியர்-மணிக்கு மேல் கேட்கும். அதை எந்த பல்பும் ஈடுகட்டாது. விளக்குச் செலவு குறைந்துவிட்ட தைரியத்தில் அலமாரி, படி, கட்டிலடி என்று வரிசையாக எல்இடி பட்டைகளை ஒட்டினால் மிச்சப்படுத்தியது அங்கேயே கரையும். முகப்பு விளக்குக்கு இந்த யோசனை பொருந்தவே பொருந்தாது. ஹாலஜன் இழை நிற்கும் இடத்தைக் கணக்கிட்டு வடித்த பிரதிபலிப்பானுக்குள் கண்ட எல்இடியைச் செருகினால் எதிரே வருபவரின் கண் கூசும்; பல நாடுகளில் அது சட்டவிரோதமும்கூட.

மட்டமான எல்இடிகளால் வரும் குறைகளைச் சரிசெய்யும் பொறுப்பை வாங்குபவர் தலையில் மட்டும் கட்டக்கூடாது. ‘20 வாட்டுக்குச் சமம்’ என்ற வாசகத்தை வைத்து விற்பவர்கள், எத்தனை வோல்டிலிருந்து எத்தனை வோல்டுவரை தாங்கும், மின்னோட்டம் சீராக்கப்பட்டதா, எத்தனை லூமன், எத்தனை கெல்வின் என்ற நான்கையும் உறையில் அச்சிட வேண்டும். பழைய வேன்களைப் புதுப்பித்து விற்கும் வணிகர்கள், கூரைமேல் சோலார் பலகையை ஒட்டி விலையை ஏற்றுவதற்கு முன் உள்ளே எரியும் பல்புகளை மாற்றித் தரலாம். அதுவரை வேன்காரர் செய்யக்கூடியது, மொத்தமாக ஒரு டஜன் வாங்காமல் ஒரே ஒரு பல்பை வாங்கி, எஞ்சினை ஓடவிட்டு, ரேடியோவையும் போட்டுக்கொண்டு அதை ஒரு மணி நேரம் எரியவிட்டுப் பார்ப்பது. சூடேறாமல், சிமிட்டாமல், பாட்டைக் கெடுக்காமல் எரிந்தால் மீதியை அதே கடையில் வாங்கலாம்.