தாத்தாவுக்கு எத்தனை மார்க்?

செமஸ்டர் ரிசல்ட் வந்ததும் நம்ம ஹாஸ்டல்ல கேட்கிற முதல் கேள்வி, 'எத்தனை கப்பு?' ரெண்டாவது கேள்வி, 'மச்சி, ரீவேல்யுவேஷன் போடலாமா?'

போன வாரம் இதே ரெண்டாவது கேள்வியை, அமெரிக்காவில் எம்.எஸ். படிக்கிற என் சீனியர் போனில் கேட்டார். பேப்பருக்கு இல்லை பாஸ், பேஸ்பால் கார்டுக்கு!

அவரோட ரூம்மேட் அந்த ஊர்ப் பையன். தாத்தா வீட்டுப் பரணை ஒழிக்கும்போது ஒரு ஷூ டப்பா கிடைச்சிருக்கு. உள்ளே, 1950-கள்ல பபிள்கம்மோடு வந்த 'டாப்ஸ்' கம்பெனி கார்டுகள். அதில் ஒண்ணு, 1956-ம் வருஷத்து மிக்கி மேன்டில். நியூயார்க் யாங்கீஸ் டீமோட சூப்பர் ஸ்டார்! ஃபீஸ் கட்ட வித்துடலாமா? விக்கிறதுக்கு முன்னாடி கிரேடிங்குக்கு அனுப்பணுமா? இதுதான் பஞ்சாயத்து.

அதென்ன கிரேடிங்? நம்ம பேப்பர் திருத்துற மாதிரிதான். 1991-ல் ஆரம்பிச்ச பி.எஸ்.ஏ., அப்புறம் எஸ்.ஜி.சி. மாதிரி கம்பெனிகளுக்குக் கார்டை அனுப்பணும். முதல்ல ஒரிஜினலா, டூப்ளிகேட்டான்னு பார்ப்பாங்க. அப்புறம் நாலு மூலை, ஓரம், மேற்பரப்பு, படம் நடுவில் இருக்கா... எல்லாம் பார்த்து 1-லிருந்து 10-க்குள் மார்க். கடைசியா நம்பர் போட்ட கெட்டி பிளாஸ்டிக் டப்பாவுக்குள் வச்சு சீல்!

அந்த ஒரு நம்பர் என்ன பண்ணும் தெரியுமா? 2022 ஆகஸ்ட்டில் ஒரு 1952 மேன்டில் கார்டு 1 கோடியே 26 லட்சம் டாலருக்கு ஏலம் போச்சு. அதுக்கு எஸ்.ஜி.சி. கொடுத்த மார்க் 9.5. அதே கார்டு மூலை மழுங்கி, மடிஞ்சு கிடந்தா இதில் ஒரு துளிதான் தேறும்.

இன்னொரு மேட்டர். 1952 செட்டை 1983-ல் டாப்ஸே திரும்ப அச்சடிச்சது. சைஸ் கொஞ்சம் சின்னது. ஸ்கேல் வச்சு அளந்தாலே மாட்டிக்கும். ஆனா, வேணும்னே ஏமாத்த அடிச்ச போலிகளைக் கண்டுபிடிக்க பழகின கண்ணு வேணும். முகம் தெரியாத ஆளுக்கு விக்கணும்னா, அந்த சீல்தான் உங்களுக்காகப் பேசும்.

'அப்போ உடனே அனுப்பிடலாமே?' வெயிட் ப்ளீஸ்... ஒரு ஃப்ளாஷ்பேக்.

ஹோனஸ் வாக்னர். 1909-லிருந்து 1911 வரை சிகரெட் பாக்கெட்டில் வந்த கார்டு. இதில் ரொம்ப ஃபேமஸான ஒண்ணை 1991-ல் ஐஸ் ஹாக்கி வீரர் வெய்ன் கிரெட்ஸ்கி, ஒரு பார்ட்னரோடு சேர்ந்து 4,51,000 டாலருக்கு வாங்கினார். பி.எஸ்.ஏ. கிரேடு பண்ணின கார்டுகளில் நம்பர் 1 இதுதான். மார்க் 8. 2007-ல் விலை 28 லட்சம் டாலர்! 2013-ல் பில் மாஸ்ட்ரோன்னு ஒரு பிரபல ஏலக்காரர், மோசடி வழக்கில் கோர்ட்டில் உண்மையைக் கக்கினார். அந்தக் கார்டை விக்கிறதுக்கு முன்னாடி ஓரத்தை நறுக்கினதே அவர்தானாம்! ஓரத்தை வெட்டின கார்டுக்கு மார்க்கே போடக் கூடாதுங்கிறதுதான் ரூல். 2015-ல் அவருக்கு 20 மாசம் ஜெயில்.

ஸோ, திருத்துறவரும் மனுஷர்தான். டப்பாவை உடைச்சு, அதே கார்டைத் திரும்ப அனுப்பி, வேற மார்க் வாங்கினவங்களும் உண்டு. நமக்குத் தெரியாதா என்ன? போன செமஸ்டரில் எனக்கு ஒரு பேப்பரில் 41. ரீவேல்யுவேஷனில் 53. நடுவில் நான் புக்கைத் தொடவே இல்லை! பாஸானதில் சந்தோஷம்தான். ஆனா 53-ஐப் பார்த்ததும், 41-ஐ நம்பி ஒரு மாசம் சோறு இறங்காம கிடந்தது நினைப்புக்கு வந்து கடுப்பாயிடுச்சு.

சரி, சீனியருக்கு நான் சொன்னது இதுதான்.

விக்கப் போறீங்களா? கார்டு பெரிய ஆளோடதா? அப்படின்னா அனுப்புங்க. கிரேடிங் ஃபீஸ், தபால், இன்ஷூரன்ஸ் எல்லாம் கழிச்சும் கையில் நிக்குமான்னு முதல்ல கணக்குப் போடுங்க. கார்டோட மதிப்பு ஏற ஏற ஃபீஸும் ஏறும். சாதா பிளேயர், மூலை மழுங்கின கார்டுன்னா ஃபீஸ் தண்டம். 1980-கள் கடைசியில் மலை மலையா அச்சடிச்சுத் தள்ளின கார்டுகளும் பெரும்பாலும் அப்படித்தான். முக்கியமா, பளபளன்னு ஆகட்டும்னு துடைக்காதீங்க, ஓரத்தைச் சீவாதீங்க. வச்சுக்கத்தான் போறீங்கன்னா, பத்து ரூபாய் பிளாஸ்டிக் உறையே போதும்.

எல்லாம் கேட்டுட்டு சீனியர் கொஞ்சம் தயங்கினார். "ஒரு சிக்கல்டா. அந்த மேன்டில் கார்டுக்குப் பின்னாடி, தாத்தா சின்ன வயசில் பென்சிலால் தன் பேரை எழுதி வச்சிருக்கார். அழிச்சுட்டு அனுப்பலாமான்னு கேட்கிறான்."

அழிச்சா தடம் தெரியும். கார்டில் கை வச்சதாகக் கணக்கு. அழிக்காம அனுப்பினா மார்க் குறையும். ரெண்டு வழியிலும் நஷ்டம்தான்.

நேத்து சீனியர்கிட்ட இருந்து எஸ்.எம்.எஸ். பேர் எழுதாத வேற ரெண்டு கார்டு கிரேடிங்குக்குப் போயிருக்கு. மேன்டில் மட்டும் ரூம்மேட்டோட டேபிளில் நிக்கிறாராம்... மேன்டில் முகம் சுவர்ப் பக்கம், தாத்தா கையெழுத்து இந்தப் பக்கம்!

அதுக்கு எத்தனை மார்க் போடுவீங்க, மக்களே? அடுத்த வாரம் பார்க்கலாம்!