இலக்கங்கள் தொலையாதிருக்க



1977, 1983 வன்செயல்களின் பின் மலையகத்தை விட்டு வன்னிக்குப் போனவர்களின் சொந்தங்கள் இன்றும் ஹற்றன், நுவரெலியா தோட்டங்களில் இருக்கிறார்கள். யுத்தம் 2009இல் முடிந்த பின் தேடிப்பிடித்த இலக்கங்கள் ஒரு கைத்தொலைபேசிக்குள் மட்டும் இருந்தால் எப்படி? 2025 நவம்பரில் டித்வா புயலால் மலை சரிந்தபோது வீடுகளே மண்ணுக்குள் போயின.

இணையக் கணக்கு இல்லாமலே பிரதி எடுக்கலாம். நான் மாதம் ஒருமுறை எடுக்கிறேன். அன்ட்ரொயிட் போனின் தொடர்புகள் பகுதியில், கோப்பாக ஏற்றுமதி செய்யும் தெரிவை அழுத்தினால் இலக்கங்கள் வி.சி.எஃப் என்ற ஒரே கோப்பில் சேரும். அதை யூ.எஸ்.பி வயரால் கணனிக்கு மாற்றுங்கள். புதுப் போன் வாங்கினால் அதே கோப்பை அதில் போட்டு இறக்குமதி செய்யலாம். கணனியில் நோட்பேடில் திறந்தால் தமிழ்ப் பெயர்கள் சமன் குறியும் ஆங்கில எழுத்துமாகத் தெரியக்கூடும். பழுதில்லை, போனில் தமிழாகவே வரும்.

கிளினிக் திகதி, வழக்குத் தவணை குறித்த நாட்காட்டிக்கு ஐ.சி.எஸ் கோப்பு. எல்லாப் போனிலும் அதற்கு வழியில்லை, எரிச்சல்தான். கணனியில் தண்டர்பேர்ட் என்ற இலவச மென்பொருள் இரண்டையும் வாசிக்கும்.

இந்தக் கோப்புகளுக்குப் பூட்டு இல்லை. திறப்பவர் எவரும் பெயர்களைப் பார்க்கலாம். காணாமல் ஆக்கப்பட்டோரைத் தேடும் அம்மாமார் கடைக் கணனியில் பிரதி எடுத்தால், பென் டிரைவில் போட்டுக்கொண்டு, அங்குள்ளதை அழித்து, குப்பைக் கூடையையும் காலி செய்துவிட்டே எழும்புங்கள்.