முன்சக்கரம் ஆடுகிறதா?

சென்ற மாதம் ஒரு திங்கட்கிழமை. பள்ளி விட்டு வரும் வழியில், குருபோங் பக்கத்துச் செம்பனைக் காட்டோரம் என் பழைய மாணவன் ஒருவனின் தந்தை டிராக்டரை நிறுத்திவிட்டு, முன்சக்கரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்ன அண்ணே, டயர் போச்சா?"

"டயர் இல்லீங்க வாத்தியாரே. ஸ்டியரிங் ஒரு பக்கம் போகுது, வண்டி ஒரு பக்கம் போகுது. பின்னால வண்டி நிறையக் குலை. மேட்டுல இருந்து இறக்கப் பயமா இருக்கு. ரெண்டு தடவ சொல்லிட்டேன், இந்த மாசம் சமாளின்னாங்க."

அது மாசி பெர்குசன் 135. இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரில் 1964 முதல் 1975 வரை செய்த மாடல். நம் பிள்ளைகளைவிட வயதில் மூத்தது! மறுநாள் பட்டறையில் கூடவே நின்று நான் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

முன் அச்சின் இரு முனைகளிலும் நிற்கும் தண்டுதான் ஸ்பிண்டல். ஸ்டியரிங்கைத் திருப்பினால் சக்கரத்தோடு திரும்புவது அதுதான். தண்டைச் சுற்றிப் புஷ், அடியில் பாரம் தாங்கும் பேரிங். கிரீஸ் வற்றி மண் புகுந்தால் மூன்றும் தேயும். புஷ்ஷில் கடுகளவு தேய்ந்தால் சக்கர விளிம்பில் விரலளவு ஆடும்.

சோதிப்பது எளிது. எஞ்சினை நிறுத்தி, பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள். முன் அச்சை ஜாக்கியில் தூக்கி, அடியில் உறுதியான மரக்கட்டை வையுங்கள். சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். இன்னொருவர் ஸ்பிண்டலைக் கவனிக்கட்டும். சக்கரம் மட்டும் ஆடினால் சக்கர பேரிங்கைப் பாருங்கள். தண்டும் சேர்ந்து அச்சுக்குள் ஆடினால் புஷ்ஷோ ஸ்பிண்டலோ தேய்ந்துவிட்டது.

கழற்றித் துடைத்துத் தண்டை நகத்தால் வருடிப் பாருங்கள். வழவழப்பாக இருந்தால் புஷ் மாற்றினால் போதும். நகம் தடுக்கினால் ஸ்பிண்டலையே மாற்றுவது நல்லது. வெல்டிங் வைத்துக் கடைந்து கொடுப்போரும் உண்டு. ஆனால் சூடு பட்ட இரும்பு பிறகு விரிசல் விடலாம். ஓட்டத்தில் ஒடிந்தால் சக்கரமே கழன்றுவிடும். மிச்சம் பிடித்த காசு மருத்துவமனைக்குப் போகும்.

பழைய மாடலாயிற்றே என்று மலைக்க வேண்டாம். சென்னையில் 1960-இல் தொடங்கிய டாஃபே நிறுவனமும் மாசி பெர்குசன் வண்டிகளைச் செய்து வந்திருக்கிறது. இந்த இன வண்டிகளுக்குப் பாகம் செய்வோர் பலர். தேய்ந்த தண்டைக் கடைக்கே கொண்டுபோய் அளவு பார்த்து வாங்குங்கள். புதுப் புஷ்ஷின் துளை, கிரீஸ் நிப்பிளின் துளைக்கு நேராக அமையட்டும். அடி பேரிங்கையும் மாற்றிவிடுங்கள். முன்சக்கரத்தைத் தூக்கி வைத்துக் கிரீஸ் அடித்தால்தான் அது அடி பேரிங்வரை இறங்கும். வேலை நாளில் காலையில் ஐந்து நிமிடம் இதற்கு ஒதுக்குங்கள்.

வெட்டிய குலை 24 மணி நேரத்துக்குள் ஆலை சேர வேண்டும். தாமதித்தால் எண்ணெயில் அமிலம் ஏறும். இந்த அவசரந்தான் ஓட்டுநரை ஆடுகிற வண்டியில் ஏற்றுகிறது. ஆனால் 1994-ஆம் ஆண்டுத் தொழில் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின்படி, பாதுகாப்பான இயந்திரம் கொடுப்பது முதலாளியின் கடமை. 2024 ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்த திருத்தம் இன்னொன்றும் சொல்கிறது: உடனடி ஆபத்து என்று நம்பத் தக்க காரணம் இருந்து, முதலாளியும் அதை நீக்காவிட்டால், தொழிலாளி அங்கிருந்து விலகிக்கொள்ளலாம்.

அன்று அண்ணன் வண்டியை மேட்டிலிருந்து இறக்கவில்லை. குலை வேறு வண்டியில் போனது. கொஞ்சம் ஏச்சும் கிடைத்தது. மாலையில் வழக்கம்போல் வீட்டுத் திண்ணையில் பேரப்பிள்ளையோடு உட்கார்ந்திருந்தார். அதுதானே நமக்கு வேண்டும்?