மேடைத் தீயும் மருந்தறைத் தீயும்

ஹெவி மெட்டல் குழுக்களின் நேரடி இசைநிகழ்ச்சிப் பதிவுகளைப் பார்த்துவிட்டு ரசிகர்கள் சொல்லும் கருத்துகள் பெரும்பாலும் ஒரு சிறு வட்டத்துக்குள் அடங்கிவிடுகின்றன. கிதாரின் ஒலி அமுங்கிவிட்டது, பாடகரின் குரல் பழைய உயரத்துக்கு ஏறவில்லை, எதிர்பார்த்த பாடல் பட்டியலில் இல்லை, கேமரா கூட்டத்தையே சுற்றிச் சுற்றி வருகிறது என்பன போன்றவை அவை. ராம்ஸ்டைன் என்ற ஜெர்மானியக் குழுவின் பதிவுகள் என்று வரும்போது மட்டும் பேச்சு இசையை விட்டு விலகித் தீயின் பக்கம் போய்விடுகிறது. தீ பிரமாதம், தீக்காகவே பார்க்கலாம், தீ இல்லையென்றால் இந்தக் குழுவே இல்லை என்கிறார்கள். குழுவை வெறுப்பவர்களும் இதையேதான் சற்று மாற்றிச் சொல்கிறார்கள்: இவர்களிடம் தீயைத் தவிர வேறென்ன இருக்கிறது?

விருதுநகர், சாத்தூர், சிவகாசி வட்டாரத்துக்காரர்களான எங்களால் இந்த இரண்டு கருத்துகளையும் எளிதாகக் கடந்துபோக முடிவதில்லை. தீயை ரசிப்பது தவறு என்பது எங்கள் கட்சி அல்ல. நாட்டின் பட்டாசில் மிகப் பெரும்பகுதியைச் செய்து அனுப்பும் ஊர்க்காரர்கள் அப்படிச் சொன்னால் அது போலித்தனம். ஆனால் தீயை எப்படிப் பார்ப்பது, எதை வைத்து அதை நன்று என்றும் நன்றன்று என்றும் தீர்மானிப்பது என்பதில் இந்த மண்ணிலிருந்து சொல்ல ஒன்று இருக்கிறது என்று கருதுகிறோம்.

குழுவை அறியாத வாசகர்களுக்காகச் சில விவரங்கள். ராம்ஸ்டைன் 1994இல் பெர்லினில் தொடங்கப்பட்டது. ஆறு பேர், பழைய கிழக்கு ஜெர்மனியில் வளர்ந்தவர்கள். இன்றுவரை அதே ஆறு பேர்தாம். ஜெர்மன் மொழியிலேயே பாடி உலகம் முழுவதும் ரசிகர்களைச் சேர்த்தவர்கள் என்பது மொழிப்பற்றுள்ள நமக்குச் சுவையான செய்தி. 1998 ஆகஸ்டில் பெர்லினின் வூல்ஹைட திறந்தவெளி அரங்கில் பதிவுசெய்யப்பட்ட நிகழ்ச்சி 1999இல் வெளிவந்தது. 2012 மார்ச்சில் பாரிஸின் பெர்சி அரங்கில் இரண்டு இரவுகள் பதிவுசெய்யப்பட்ட நிகழ்ச்சி, ஸ்வீடன் இயக்குநர் யோனாஸ் ஓக்கர்லுண்டின் கைவண்ணத்தில் 2017இல் திரையரங்குகளுக்கே வந்தது. ரசிகர்களின் வாக்குவாதம் பெரும்பாலும் இவ்விரண்டில் எது சிறந்தது என்பதைச் சுற்றியே நிகழ்கிறது.

பாரிஸ் பதிவை மெச்சுகிறவர்கள் அதன் வேகத்தை மெச்சுகிறார்கள். ஒரு காட்சி இமைப்பொழுதுகூட நிற்பதில்லை; வெட்டு, வெட்டு, மீண்டும் வெட்டு. பாடகர் டில் லிண்டமனின் முதுகில் இரும்புச் சிறகுகள் விரிந்து நுனிகளில் தீ பீறிடும் காட்சியை ஓர் ஓவியம்போலத் தீட்டியிருக்கிறார்கள் என்பது உண்மையே. பெர்லின் பதிவின் ரசிகர்களோ, பாரிஸ் பதிவைப் பார்த்தால் தலை சுற்றுகிறது, நிகழ்ச்சி நிகழ்ந்த உணர்வே வரவில்லை என்கிறார்கள். எங்கள் வாக்கு பெர்லினுக்குத்தான். ஆனால் எங்கள் காரணம் வேறு.

தீயை அறிந்தவனுக்கு அதில் முக்கியமானவை இரண்டு. ஒன்று, அது எவ்வளவு நேரம் எரிகிறது என்பது. மற்றொன்று, அது உடலிலிருந்து எவ்வளவு தூரத்தில் எரிகிறது என்பது. சிவகாசிப் பக்கத்து மருந்தறையில் வேலைசெய்யும் எவரைக் கேட்டாலும் இதைச் சொல்லிவிடுவார். திரியின் நீளம் என்பது நேரம். ஓர் அறைக்கும் அடுத்த அறைக்கும் இடையே விட வேண்டிய வெளி என்பது தூரம். ஓர் அறையில் இத்தனை பேர்தான் இருக்கலாம், இவ்வளவு மருந்துதான் இருக்கலாம் என்ற விதிகள் எல்லாம் இவ்விரண்டிலிருந்து பிறந்தவை. பாரிஸ் பதிவின் வேகமான வெட்டுகள் முதலில் அழிப்பது இந்த நேரத்தையும் தூரத்தையும்தான். தீ எப்போது தொடங்கியது, எப்போது அணைந்தது, அதற்கு எவ்வளவு அருகில் மனிதன் நின்றான் என்று நம்மால் சொல்ல முடிவதில்லை. அங்கே தீ ஒரு நிறமாகிவிடுகிறது. பெர்லின் பதிவில் லிண்டமன் எரியும் அங்கியோடு நின்று பாடும்போது அந்தத் துணி எரிவதை நாம் பார்க்கிறோம். அதற்குள் ஓர் உடல் இருக்கிறது என்பதையும் பார்க்கிறோம். நம்மையறியாமல் நொடிகளை எண்ணத் தொடங்குகிறோம்.

லிண்டமன் வாணவேடிக்கையைக் கையாள உரிமம் பெற்றவர் என்பது ரசிகர்கள் பெருமையோடு எடுத்துச் சொல்லும் தகவல். அதன் பின்கதையை அத்தனை பேர் சொல்வதில்லை. 1996இல் பெர்லின் நிகழ்ச்சியொன்றில் எரிந்துகொண்டிருந்த மேடைப் பொருள்கள் சரிந்து விழுந்தன. அதற்குப் பின்னரே முறையான பயிற்சியும் தேர்ந்த ஆட்களும் என்ற ஒழுங்கு வந்தது. நம் கண்ணுக்குக் கட்டற்ற வெறியாகத் தெரிவது உண்மையில் அளந்து, எண்ணி, ஒத்திகை பார்த்து வைக்கப்பட்ட தீ. அங்கே எரிவது சிவகாசி மருந்து என்று நாங்கள் சொல்ல வரவில்லை. ஆனால் மருந்தின் குணம் ஊருக்கு ஊர் மாறுவதில்லை. மேடையின் இருபுறமும் பொறி சொரியும் கருவி, நம் பூச்சட்டியின், அதாவது புஸ்வாணத்தின், உடன்பிறப்பு. இத்தனை அடி உயரம், இத்தனை நொடி என்று வரையறுத்துச் செய்யப்பட்டது என்பதே வேறுபாடு.

அந்த அளவு தப்பினால் என்ன ஆகும் என்பதற்கும் மெட்டல், ராக் மேடைகளிலேயே சான்றுகள் உண்டு. 2011 அக்டோபர் 30 அன்று பெங்களூரு அரண்மனை மைதானத்தில் மெட்டாலிகா குழுவின் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்டைக் கண்டு களித்த தமிழ்நாட்டு ரசிகர்கள் பலருண்டு. அவர் 1992 ஆகஸ்ட் 8 அன்று மாண்ட்ரியல் மேடையில், தீ பீறிடும் இடத்தில் தவறுதலாக நின்று, இடக்கை வெந்துபோனவர். கிதார் வாசிக்க வேறொருவரை நிறுத்திவிட்டுப் பாட மட்டும் செய்து அந்தப் பயணத்தைத் தொடர்ந்தார். 2003 பிப்ரவரி 20 அன்று அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் கிரேட் வைட் என்ற குழுவின் நிகழ்ச்சி தொடங்கியதும் புஸ்வாண வகைக் கருவியின் பொறி சுவரில் ஒட்டியிருந்த நுரைப்பஞ்சில் பற்றியது. 100 பேர் இறந்தார்கள். ஒரு தொலைக்காட்சி ஒளிப்பதிவாளர் அங்கே இருந்ததால் அதுவும் பதிவாகியிருக்கிறது. முதல் சில நொடிகள் கூட்டத்தில் பலர் அதை நிகழ்ச்சியின் பகுதி என்றே எண்ணி நின்றார்கள். மேடைத் தீயை மெச்சுகிற ஒவ்வொருவரும் நினைவில் வைக்கவேண்டிய நொடிகள் அவை.

இனி, குழுவின் பெயர். 1988 ஆகஸ்ட் 28 அன்று மேற்கு ஜெர்மனியின் ராம்ஸ்டைன் விமானத்தளத்தில் நடந்த விமான சாகசக் காட்சியில் இத்தாலிய விமானப்படைக் குழுவின் மூன்று விமானங்கள் வானில் மோதிக்கொண்டன. ஒன்று எரிந்தபடி பார்வையாளர்கள் நடுவே விழுந்தது. 70 பேர் மாண்டார்கள். வேடிக்கை பார்க்க வந்தவர்களே அவர்களில் மிகப் பலர். குழு அந்தப் பெயரை, ஜெர்மன் எழுத்துக்கூட்டலில் ஓரெழுத்து கூட்டி, தனக்குச் சூட்டிக்கொண்டது. அதே பெயரில் ஒரு பாடலும் எழுதி 1995இல் முதல் தொகுப்பில் சேர்த்தது. லிண்டமன் எரியும் அங்கியோடு பாடுவது அந்தப் பாடலைத்தான்.

இறந்தவர்களை விற்றுப் புகழ் சேர்த்தார்கள் என்பது ஒரு தரப்பு. வெறும் அதிர்ச்சிக்காக வைத்த பெயர், ஆழம் தேட வேண்டாம் என்பது இன்னொரு தரப்பு. குழுவினரின் உள்நோக்கம் எதுவாகவும் இருக்கட்டும். பதிவு நமக்குச் செய்வதை வைத்தே நாங்கள் பேசுகிறோம். வேடிக்கை பார்க்கச் சென்றவர்கள் எரிந்ததைப் பற்றிய பாடலை ஒரு மனிதன் எரிந்துகொண்டே பாடுகிறான். ஆயிரக்கணக்கானவர்கள் கைகளை உயர்த்தி ஆர்ப்பரிக்கிறார்கள். அதைப் பதிவில் பார்த்து நாமும் மெய்சிலிர்க்கிறோம். அந்த விமானத்தளத்தில் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தவர்களின் இடத்தில் நம்மை நிறுத்துகிறது அந்தப் பாடல். தீ பிரமாதம் என்று சொல்லி நிறுத்திக்கொள்ளும் ரசிகர் இந்தச் சங்கடத்தைத் தவறவிடுகிறார். தீயைத் தவிர என்ன இருக்கிறது என்று கேட்கும் எதிர்த்தரப்பும் அதையேதான் தவறவிடுகிறது.

எங்கள் ஊர்ப்பக்கம் வருவோம். 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் ஒரு பட்டாசு ஆலை வெடித்தது. ஏறத்தாழ 40 பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் அந்த ஆலையின் தொழிலாளர்கள் அல்லர். முதல் வெடிச்சத்தம் கேட்டு உதவவும் பார்க்கவும் ஓடிவந்த அக்கம்பக்கத்தவர்கள். 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூரை அடுத்த அச்சங்குளத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இடையிலும் பின்னும் நாலு பேர், எட்டுப் பேர் என்று நாளிதழின் உள்பக்கங்களோடு முடிந்துபோனவை எத்தனையோ. நிவாரணத் தொகை அறிவிப்பு, ஆய்வுக் குழு, சில நாள் சோதனை, பிறகு தீபாவளி. எழுபது பேர் இறந்த ஓர் ஊரின் பெயரை உலகமே உச்சரிக்கும்படி ஒரு இசைக்குழு செய்துவிட்டது. முதலிப்பட்டி என்ற பெயரை விருதுநகர் மாவட்டத்துக்கு வெளியே எத்தனை பேரால் இன்று சொல்ல முடியும்?

ஒன்றுமே செய்யப்படவில்லை என்று சொன்னால் நன்றி கொன்றவர்களாவோம். சலம் பென்னுர்கர் 1990இல் எடுத்த 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' ஆவணப்படம் இருக்கிறது. கரிசல் எழுத்தாளர் பூமணி இயக்கிய 'கருவேலம் பூக்கள்' இருக்கிறது. இரண்டும் தொழிற்சாலைக்குப் போன பிள்ளைகளின் கதையை அக்கறையோடு சொன்னவை. ஆனால் கரிசல் இலக்கியம் மழையற்ற வானத்தையும் பருத்திக் காட்டையும் எழுதிய அளவுக்கு மருந்தறையை எழுதியிருக்கிறதா? அலுமினியத் தூள் படிந்து வெள்ளி பூசியதுபோல் மின்னும் கைகளை, பச்சை ஒளிக்காகச் சேர்க்கப்படும் பச்சை உப்பை, 2018இலும் 2021இலும் உச்ச நீதிமன்றம் அந்தப் பேரியம் உப்புக்குத் தடை என்று சொன்னபோது அதை நம்பியிருந்த குடும்பங்களில் விழுந்த மௌனத்தை? எழுதவில்லை என்றே சொல்லத் தோன்றுகிறது.

பாட்டுக் கேட்க வந்த இடத்தில் சாவைப் பற்றி ஏன் பேச வேண்டும் என்று இளம் ரசிகர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. அதற்கு எங்கள் பதில் விருதுநகர் பராசக்தி மாரியம்மன் கோயிலின் பங்குனிப் பொங்கலில் இருக்கிறது. அக்கினிச்சட்டி ஏந்திப் பெண்களும் ஆண்களும் தெருவில் வரும்போது அதுவும் ஒரு காட்சிதான். மேளம் உண்டு, கூட்டம் உண்டு, ஆவேசம் உண்டு. ஆனால் சட்டி நெருங்கும்போது கூட்டம் தானாக விலகி வழிவிடுகிறது. அனல் முகத்தில் அடிக்கிறது. ஏந்தியிருப்பது யாரோ ஒருவரின் கை என்பது தெரிகிறது. அங்கே தீயை ரசிப்பதும் அதற்கு அஞ்சுவதும் ஏந்துபவரை மதிப்பதும் ஒன்றாகவே நிகழ்கின்றன. பதிவில் அனல் இல்லை, கந்தக நெடி இல்லை. ஆகவே அந்த மதிப்பை இயக்குநர் கேமராவால் ஈடுசெய்தாக வேண்டும். பெர்லின் பதிவு ஓரளவு செய்கிறது. பாரிஸ் பதிவு செய்யவில்லை. எங்கள் அளவுகோல் இவ்வளவுதான்.

மாறுபடுகிற நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். இரு பதிவுகளிலும் தீ வரும் ஒரு பாடலைத் தேர்ந்தெடுத்து, ஒலியை முழுதாக நிறுத்திவிட்டுப் பாருங்கள். எங்கே மனிதன் தெரிகிறான், எங்கே நிறம் மட்டும் தெரிகிறது என்று எழுதுங்கள். பிறகு நாம் வாதிடலாம். எழுதுகிற நண்பர்களிடம் இன்னொன்று: முதலிப்பட்டி சிவகாசியிலிருந்து வெகுதொலைவில் இல்லை. ஒருமுறை போய்வாருங்கள்.