காளானுக்கு யார் சொந்தம்?

காய்கறிக் கடையில் கீரைக்குப் பக்கத்தில் காளான் இருப்பதை யாரும் தவறென்று சொல்வதில்லை. 18ஆம் நூற்றாண்டில் உயிரினங்களுக்கு வகைப்பாடு எழுதிய லின்னேயஸும் அதைத் தாவரங்களோடுதான் சேர்த்தார். ஓரிடத்தில் முளைத்து நகராமல் நிற்பதால் செடி என்பது அன்றைய கணக்கு. ஆனால் காளானில் பச்சையம் இல்லை. தன் உணவைத் தானே தயாரிக்க அதற்குத் தெரியாது. அதன் செல்சுவரில் இருப்பது இறால் ஓட்டிலுள்ள அதே கைட்டின். உணவை மாவுச்சத்தாக அல்ல, நம் கல்லீரலைப் போலக் கிளைக்கோஜனாகச் சேமிக்கிறது. 1969இல் உயிரியலாளர் விட்டேக்கர் உயிரினங்களை ஐந்து உலகங்களாகப் பிரித்தபோது, காளான் அடங்கும் பூஞ்சைகளுக்குத் தனி உலகமே வகுத்தார். பின்னர் வந்த மரபணு ஒப்பீடுகள் இன்னும் ஒரு படி மேலே போய், பூஞ்சைகள் தாவரங்களைவிட விலங்குகளுக்கே நெருங்கிய சொந்தம் என்று காட்டின.

சமைக்கிறவருக்கு இதனால் என்ன லாபம் என்று கேட்கலாம். சமையலுக்கு ஒன்றுமில்லை; வைத்தியத்துக்கு உண்டு. பூஞ்சைத் தொற்றுக்கு மருந்து கண்டுபிடிப்பது கடினமாக இருப்பதற்கு இந்த உறவும் ஒரு காரணம். பூஞ்சையின் செல் நம் செல்லைப் பல வகைகளில் ஒத்திருப்பதால், அதைக் கொல்வது நம்மையும் தாக்கக்கூடும். ஆகவே வேறுபாட்டைத் தேட வேண்டும்: நம் செல்சவ்வில் கொலஸ்ட்ரால், அதன் சவ்வில் எர்கோஸ்டிரால். அசோல் வகை மருந்துகள் எர்கோஸ்டிரால் உருவாவதைத் தடுத்தே வேலை செய்கின்றன. இதற்கு நேர்மாறான கதை உருளைக்கிழங்கின் பின்கருகல் நோய். 1845இல் தொடங்கிய அயர்லாந்துப் பஞ்சத்துக்கு வித்திட்ட அந்த நோய்க்கிருமி, நூல்நூலாகப் படர்வதால் நெடுங்காலம் பூஞ்சையாகவே எண்ணப்பட்டது. உண்மையில் அது பழுப்புப் பாசிகளின் தூரத்து உறவு. எர்கோஸ்டிராலைத் தயாரிப்பதே இல்லை. அசோல் மருந்தைத் தெளித்தால் அது மசியாததற்குக் காரணம் இதுதான். தோற்றம் ஏமாற்றிய இடத்தில் வம்சாவளி சரியாக வழிகாட்டுகிறது.

அடிக்கடி மாறும் வகைப்பாட்டை எப்படி நம்புவது என்பது நியாயமான கேள்வி. பாக்டீரியாக்கள் தமக்குள் மரபணுக்களைக் கைமாற்றிக்கொள்வதால், அங்கே வம்சக் கிளைகளைப் பிரித்தறிவதே சிக்கல் என்பதும் மெய். ஆனால் காளானை இடம் மாற்றியது யாருடைய விருப்பமும் இல்லை. செல்சுவர், சேமிப்பு உணவு, மரபணு என்று தனித்தனிச் சாட்சிகள் ஒரே திசையைக் காட்டின. எதிர்ச்சாட்சி வந்தால் திருத்திக்கொள்ளும் கணக்கைத்தான் நம்ப முடியும். பள்ளியில் ஐந்துலகப் பட்டியலை மனப்பாடம் செய்யச் சொல்லும்போது, காளான் ஏன் இடம் மாறியது என்பதையும் பிள்ளைகளிடம் கேட்க வேண்டும். பட்டியல் நாளை மாறலாம். அந்தக் காரணத்தைப் புரிந்துகொண்ட பிள்ளைக்குப் புதிய பட்டியலும் புரியும்.