வெந்நீருக்கும் ஒரு நகல் வேண்டும்

போன வாரம் குளியலறைக்கு டைல்ஸ் மாற்ற வந்த கொத்தனார், தோட்டத்துப் பக்கம் இருந்த செப்பு பாய்லரைப் பார்த்துவிட்டு, "ஐயா, இதை எடைக்குப் போட்டுடலாமே, செம்பு நல்ல விலை போகுது" என்றார். மகனும் தலையாட்டினான். நான் வேண்டாம் என்றேன். நின்றுகொண்டே காரணம் சொல்ல முடியவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

2011 ஆடி மாதத்தில் இதே யோசனையைச் சொன்னவன் நான்தான். சுவரில் 15 லிட்டர் கீசர் இருக்கும்போது கரிபிடித்த பாய்லர் எதற்கு என்று பழைய பாத்திரக்காரரைக் கூப்பிட்டும் விட்டேன். அது என் மனைவிக்குச் சீராக வந்தது. "அது பாட்டுக்குக் கிடக்கட்டும், உங்ககிட்ட சோறா கேக்குது?" என்றாள். பாத்திரக்காரர் திரும்பிப் போனார்.

அந்த ஆண்டு டிசம்பர் 30 விடியற்காலையில் தானே புயல் கரையைக் கடந்ததை நம் புதுச்சேரிக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மரங்களோடு மின்கம்பங்களும் சாய்ந்தன. எங்கள் வீட்டில் பிரசவத்துக்கு வந்திருந்த மகள். குழந்தைக்குப் பதினோரு நாள். மார்கழிக் குளிர். கீசர் சுவரில் அலங்காரமாகத் தொங்கியது. இன்வெர்ட்டர் ஒரு விசிறிக்கும் இரண்டு விளக்குக்கும் ராத்திரி வரை தாங்கியது. 2000 வாட் கீசரை அது எங்கே இழுக்கும்? பக்கத்து வீட்டு மாடியில் சோலார் ஹீட்டரின் கண்ணாடிக் குழாய்கள் நொறுங்கிக் கிடந்தன. சிலிண்டரில் இருந்த கொஞ்சம் எரிவாயுவைச் சமையலுக்கு வைக்க வேண்டியிருந்தது.

பரண் மேல் ஒரு சாக்கு நிறையக் காய்ந்த கொட்டாங்கச்சி இருந்தது. மனைவி ஐந்து மணிக்கு பாய்லரைப் பற்றவைத்தாள். நடுக்குழாயில் நெருப்பு, சுற்றிலும் தண்ணீர். மேலே ஒரு குடம் ஊற்றினால் பக்கத்துக் குழாயில் சுடச்சுட வரும். குழந்தைக்கு, மகளுக்கு, பிறகு எதிர்வீட்டில் மூச்சிரைப்புக்காரப் பெரியவருக்கு ஒரு குடம். எங்கள் தெருவுக்கு மின்சாரம் வந்தது ஒன்பதாம் நாள். அந்த ஒன்பது நாளும் நான் பாய்லரை விற்கப் பார்த்த கதை தினம் ஒரு தடவை சொல்லிக்காட்டப்பட்டது. இன்றும் அது நிற்கவில்லை.

என் வாதம் இதுதான். வீட்டில் வெந்நீருக்கு இரண்டு வழி இருக்க வேண்டும். இரண்டும் ஒரே இடத்திலிருந்து வரக்கூடாது. நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் மூலத்தையும் கார்பன் நகலையும் ஒரே பீரோவில் வைத்திருந்தார்கள். ஒரு மழைக்கு இரண்டும் சேர்ந்து கூழாயின. இரண்டு குளியலறையில் இரண்டு கீசர் வைத்திருப்பதும் அப்படித்தான். "தூ ப்ரெக்கோசியோன் வால் மியூ க்யூன்" என்பார் எங்கள் பிரெஞ்சு ஆசிரியர். ஒரு முன்னெச்சரிக்கையைவிட இரண்டு மேல் என்று அர்த்தம்.

கீசரை நான் குறை சொல்லவில்லை. தினமும் அதில்தான் குளிக்கிறேன். புகையும் சாம்பலும் கண் ஆபரேஷன் ஆனவனுக்கு ஒத்துவராது. அடுக்குமாடியில் இருப்பவர்கள் பாய்லர் வைக்கவும் முடியாது. அவர்கள் இரண்டாவது சிலிண்டரும் பெரிய தவலையும் வைத்துக்கொண்டால் போதும். நான்கு லிட்டர் கொதிநீரோடு பதினாறு லிட்டர் பச்சைத்தண்ணீர் சேர்த்தால் ஒருவர் குளிக்க ஒரு வாளி இதமான நீர் கிடைக்கும். இரவு மாத்திரைக்கு ஒரு பிளாஸ்க்.

சில எச்சரிக்கைகள். பாய்லரில் தண்ணீர் இல்லாமல் நெருப்பு வைக்காதீர்கள்; பற்றவைப்பின் ஈயம் உருகி ஒழுகும். கரியையோ விறகையோ மூடிய அறையில் எரிக்காதீர்கள்; அந்த விஷவாயுவுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே ஆளைக் கொண்டுபோகும். வாளியில் போடும் ஹீட்டர் கம்பியை, ப்ளக்கைப் பிடுங்காமல் தண்ணீரில் கைவிட்டுப் பார்க்காதீர்கள். வாளியில் முதலில் பச்சைத்தண்ணீர், பிறகு வெந்நீர். நம் வயதில் தோலுக்குச் சூடு உறைப்பதற்குள் வெந்துவிடும்.

இன்னொன்று: மாற்று என்று வைத்தால் அதை மாதம் ஒருமுறையாவது பயன்படுத்த வேண்டும். எங்கள் பாய்லரை அமாவாசைதோறும் பற்றவைக்கிறோம். இரண்டு வருஷம் சும்மா விட்டபோது குழாய் இறுகிப்போய்த் திருகவே வரவில்லை.

கொத்தனார் கடைசியில் பாய்லருக்கு அடியில் செங்கல் மேடை கட்டிக் கொடுத்தார். அன்று பதினோரு நாள் குழந்தையாக அதில் குளித்த பேரன், லீவுக்கு வந்தவன், எப்படிப் பற்றவைப்பது என்று கேட்டான். பாட்டிதான் சொல்லிக்கொடுத்தாள். எனக்கு அந்த உரிமை இல்லையாம்.

ஐப்பசி மழை வருவதற்குள் உங்கள் வீட்டில் இரண்டாவது வழி எது என்று ஒருமுறை பார்த்துவையுங்கள்.