வீட்டோடு இருக்கட்டும் என்ற முடிவு

உடல் ஊனமோ அறிவு வளர்ச்சிக் குறையோ உள்ளவருக்கு நேரத்துக்குச் சோறும் உடுக்கத் துணியும் கொடுத்துப் பார்த்துக்கொண்டால் கடமை தீர்ந்தது என்ற நம்பிக்கை பதுளைத் தோட்டங்களில் ஆழ வேரூன்றியிருக்கிறது. "பாவம், வீட்டோடு இருக்கட்டும்" என்று அன்பாகத்தான் சொல்கிறார்கள். அந்த அன்பு பொய்யில்லை. ஆனால் அந்த ஒரு சொல்லோடு ஒருவருடைய வாழ்க்கை வீட்டு அறையான காம்பராவுக்குள் முடங்கிவிடுகிறது. என்ன வேண்டும் என்று அவரை யாரும் கேட்பதே இல்லை.

அந்தத் தோட்டங்களில் ஒன்றான ஸ்பிரிங்வெளி நமுனுகுல மலைச் சரிவில் உள்ள தேயிலைத் தோட்டம். இப்படிப்பட்ட சரிவுகளில் கட்டிய வரிசை வீடுகளான லயங்களில், இஸ்தோப்பு என்ற வாசல் திண்ணையை விட்டு இறங்கினால் படி, தண்ணீர் பிடிக்கும் பீலிக்குப் போக ஒற்றையடிப் பாதை, கக்கூசுக்குப் போக மழையில் வழுக்கும் மண். நடக்க முடியாதவர் வெளியே வராததற்கு அவருடைய காலையே காரணம் காட்டுகிறார்கள். பிடித்து நடக்க ஒரு கம்பியும், படிக்குப் பக்கத்தில் ஒரு சாய்தளமும், வீட்டோடு ஒட்டிய கழிப்பறையும் இருந்தால் அதே காலோடு அவர் கோயில் திருவிழாவுக்கு வருவார். தோட்டக் குடியிருப்புகளுக்குப் பிரதேச சபை தன் பணத்தைச் செலவிட 2018 இல் சட்டம் திருத்தப்படும்வரை தடை இருந்தது. படியை யாரும் திருத்தாமல் விட்ட பழி ஊனமுற்றவர்மேல் விழுந்தது.

அவரைப் பார்த்துக்கொள்ளும் தாய் விடியற்காலையில் கொழுந்தெடுக்கப் போனால்தான் அன்றைய சம்பளத்துக்குப் பேர் விழும். பிள்ளையை வீட்டோடு விடாமல் அவளால் வேறென்ன செய்ய முடியும் என்ற கேள்வி நியாயமானது. அதனால்தான் முழுப் பாரத்தையும் தாயின் தலையில் ஏற்றும் ஏற்பாட்டை ஏற்க முடியாது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐ.நா. உடன்படிக்கையை இலங்கை 2016 இல் ஏற்றுக்கொண்டது. எங்கே, யாரோடு வாழ்வது என்பதை அவரவரே தெரிவுசெய்யவும், அதற்கு வேண்டிய உதவியைச் சமூகத்துக்குள்ளேயே பெறவும் உள்ள உரிமையை அதன் 19ஆம் உறுப்புரை சொல்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்கான மாதக் கொடுப்பனவை அரசு 2025 இல் 10,000 ரூபாவாக உயர்த்தியது. அது தேவையான பணம்தான். ஆனால் குடும்பத்தின் வருமானத்தைப் பார்த்துக் கொடுக்கப்படும் அந்தப் பணம், அவருக்கு எந்த நேரத்தில் எந்த உதவி வேண்டும் என்று கேட்பதில்லை.

கேட்பதில்தான் வேலை தொடங்குகிறது. கடைக்குத் தானே போய் வெற்றிலை வாங்க வேண்டும் என்பது ஒருவருடைய ஆசையாக இருக்கலாம். அப்படியானால் எந்தத் திருப்பம் வரை தனியே போவார், எங்கிருந்து பக்கத்து வீட்டுப் பையன் கூடப் போவான், மீதிக் காசை எண்ண யார் பழக்குவார் என்று அவரோடு உட்கார்ந்து பேசி ஒழுங்குபடுத்துவதுதான் ஆதரவு. வாய் பேசாத பிள்ளையிடம் எப்படிக் கேட்பது என்பார்கள். எந்தக் கறியைத் தள்ளிவிடுகிறாள், யார் குரலுக்குத் தலை திருப்புகிறாள், எந்த மூலையில் உட்காரவைத்தால் அழுகை நிற்கிறது என்பது தாய்க்குத் தெரியும். அதெல்லாம் அந்தப் பிள்ளையின் பதில்கள். தாய் அறிந்ததைச் சுற்றியிருப்பவர்களும் அறிய வேண்டும்.

இப்படிக் கேட்டு உதவுவது வசதியான நாடுகளின் கதை என்று ஒதுக்குவதும் தவறு. குடும்பத்தாரும் ஊராருமே பயிற்சி கொடுக்கும் முறைக்காக உலக சுகாதார நிறுவனம் 1989 இல் வெளியிட்ட கைந்நூலை எழுதியவர்களில் ஒருவர் இலங்கையைச் சேர்ந்த இயன்மருத்துவர் பத்மானி மெண்டிஸ். அம்முறைக்கு முதலில் வேண்டியது பெரிய கட்டடமோ தூரத்து நிபுணரோ அல்ல. பழகிக்கொள்ள முன்வரும் பக்கத்து ஆட்கள்.

வீட்டோடு வைத்திருப்பதே பாதுகாப்பு என்ற வாதம் தாயின் சாவோடு உடைகிறது. அதன்பின் ஊனமுற்றவரை, அவரை முன்பின் தெரியாத நகரத்து இல்லம் ஒன்றுக்கு அனுப்பப் பேச்செழும். அந்த நாளில் லயத்தில் வேறு யாருக்கும் அவர் எதைச் சாப்பிடுவார் என்றுகூடத் தெரிந்திருக்காது. நாற்பது வருடம் அங்கேயே இருந்த அவருக்கும் பீலிக்குப் போகும் வழி தெரிந்திருக்காது.